முதுகுப்பையும் நம் முதுகும்



தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்குச் சுமை என்பது புதிய செய்தி அன்று. விடியுமுன் பால்மரம் வெட்டி, பால் சேர்ந்ததும் இரண்டு வாளிகளைக் காண்டாக் கம்பின் இரு முனைகளிலும் மாட்டித் தோளில் ஏற்றிக்கொண்டு ஸ்டோருக்கு நடந்த தலைமுறை நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. அவர்களின் தோளைத் தொட்டுப் பாருங்கள். காய்ப்பு கைக்குத் தட்டுப்படும். பால்மரம் போய்ச் செம்பனை வந்த பிறகும் சுமை போகவில்லை. ஒரு குலை 15 கிலோவும் இருக்கும், 25 கிலோவும் இருக்கும். ஆகையால், சுமை என்றால் என்ன என்று யாரும் நமக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

ஆனால், சுமையை உடம்பின் எந்த இடத்தில் இறக்கினால் உடம்பு கெடாது என்று நாம் நின்று யோசித்திருக்கிறோமா? அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். அதற்கு எடுத்துக்காட்டாக, மலையேறுவோர் முதுகில் மாட்டிக்கொள்ளும் பெரிய பையை எடுத்துக்கொள்வோம். உள்ளே சட்டம் வைத்துத் தைத்த பை அது. எங்கள் பள்ளியின் சாமான் அறையில் அப்படிப்பட்ட பை ஒன்று 2006-ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. "மலையேறும் பைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கலாம். தோட்டத்துப் பிள்ளைகள் இன்று முகாமுக்குப் போகிறார்கள், மலையேறுகிறார்கள், தங்கிப் படிக்கத் தொலைதூரம் போகிறார்கள். பெரிய பை வேண்டும் என்று கேட்கிறார்கள். காசு கொடுப்பவர்கள் நீங்கள். ஆகையால் நீங்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

முதலில், அந்தப் பை எங்களிடம் ஏன் வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறோம்.

2005-ஆம் ஆண்டு, ஆகஸ்டு விடுமுறை. காஜாங் அடங்கிய உலு லங்காட் மாவட்டத்தில் நுவாங் மலை இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். உயரம் 1,493 மீட்டர். சிலாங்கூரின் உயர்ந்த மலைகளுள் ஒன்று. நாங்கள் அப்போது இளம் ஆசிரியர்கள். எங்களிடம் படித்துப் போன தோட்டத்து இளைஞர் பதினொரு பேரை அழைத்துக்கொண்டு பாங்சூன் பக்கமிருந்து ஏறினோம். அந்த வழியில் முதலில் ஒரு நீண்ட மண்பாதை வரும். நடக்க நடக்க முடியாது. அதைத் தாண்டினால் ஆற்றோரம் லோலோ முகாம்.

அரிசி, சட்டி, கூடாரம், தகர டின்கள் எல்லாவற்றையும் ஒரு பெரிய பையில் திணித்து, "நீதான் பலசாலி" என்று ஒரு தம்பியின் முதுகில் ஏற்றிவிட்டோம். அவனுக்கு வயது 17. எடை 52 கிலோ. பையோ 18 கிலோ. அதாவது, அவன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். இரவுச் சந்தை ஒன்றில் 40 வெள்ளிக்கு வாங்கிய பை அது. இரண்டு தோள் வார்களைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. சட்டமும் இல்லை, இடுப்பு வாரும் இல்லை.

லோலோ முகாமில் பையை இறக்கினான். சோற்றுச் சட்டியை எடுத்துக் கொடு என்றோம். எடுக்க முடியவில்லை. வலது கை விரல்கள் மரத்துப் போயிருந்தன. கையைத் தோளுக்கு மேல் தூக்கவும் வரவில்லை. களைப்பு என்று நினைத்தோம். மறுநாளும் அப்படியே இருந்தது. மருத்துவரிடம் கொண்டு போனோம். அவர் விளக்கினார்: கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புக் கற்றை காறை எலும்புக்குக் கீழே ஓடுகிறது. தோள் வார் அதைப் பல மணி நேரம் அழுத்தினால் நரம்பு வேலை செய்யாமல் நின்றுவிடும். பாரமான பை தூக்கி நடக்கும் படைவீரர்களுக்கு வருவதுதான் இது என்றார். பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். ஆனால் நாள் பிடிக்கும்.

நேயர்களே, அந்தத் தம்பிக்கு நவம்பரில் எஸ்.பி.எம். தேர்வு. மூன்று வாரம் அவனால் பேனாவை ஒழுங்காகப் பிடிக்க முடியவில்லை. அவன் வீட்டுக்குப் போய் நின்றபோது எங்களுக்கு வாயில் வார்த்தை வரவில்லை. அவன் தகப்பனார் பால்மரம் வெட்டியவர். திட்டுவார் என்று நினைத்தோம். அவர் பையை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"சார், நான் இருபது வருசம் காண்டா தூக்கியிருக்கேன். நாலு மரத்துக்கு ஒருதரம் தோளை மாத்திக்கிட்டே இருப்போம். ஒரே தோள்ல வச்சிருந்தா கை செத்துடும்னு எங்கப்பா சொல்லிக் கொடுத்தாரு. இந்தப் பையில தோள் மாத்த வழியே இல்லையே, சார்."

பயிற்சிக் கல்லூரியில் நாங்கள் உடலியல் பாடம் படித்தவர்கள். அந்தப் பெரியவருக்குத் தெரிந்திருந்தது எங்களுக்குத் தெரியவில்லை. பையன் ஆறு வாரத்தில் குணமாகித் தேர்வும் எழுதினான். ஆனால், சுமையை மாற்றி வைக்க ஓர் இடம் வேண்டும் என்ற அந்தச் சொல் எங்களோடு தங்கிவிட்டது.

சுமையை எங்கே வைப்பது என்பது மனிதன் வெகுகாலமாகத் தேடிவரும் விடை. இலங்கை மலைநாட்டில் தேயிலைக் கொழுந்து எடுக்கும் தாய்மார் கூடைக் கயிற்றை உச்சந்தலையில் மாட்டிக்கொண்டார்கள். நேபாளத்துச் சுமைதூக்கிகள் இன்றும் நெற்றிப் பட்டை கொண்டு சுமக்கிறார்கள். நம் நாட்டு ஓராங் அஸ்லி மக்கள் பிரம்பால் பின்னிய கூடையை முதுகில் மாட்டுவார்கள். ஆப்பிரிக்காவின் கென்யாவில் பெண்கள் தலையில் சுமப்பதை ஆராய்ந்து 1986-இல் அறிஞர்கள் ஒரு வியப்பான செய்தியை வெளியிட்டார்கள். தங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை அவர்கள் தலையில் தூக்கி நடந்தாலும், வெறுங்கையோடு நடப்பதைவிடக் கூடுதல் சக்தி செலவாகவில்லை. தலையில் தண்ணீர்க் குடம் சுமந்த நம் பாட்டிமாரை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த முறைகளில் பாரம் முதுகெலும்பின் வழியே நேராக இறங்குகிறது. ஆனால், சிறுவயதிலிருந்தே பழகிய கழுத்துக்குத்தான் அது சரிப்படும். பழகாதவர் முயன்றால் கழுத்து பிடித்துக்கொள்ளும்.

பழகாதவரும் சுமக்க வழி என்ன? நார்வே நாட்டு ஓலே பெர்கன் என்பவர், முதுகின் வளைவுக்கு ஏற்ப ஒரு சட்டத்தை வளைத்து அதில் பையைக் கட்டினார். 1909-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். பிறகு 1952-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் டிக் கெல்டி என்பவர் அலுமினியக் குழாயால் சட்டம் செய்தார். பையைத் தைத்தவர் அவர் மனைவி. சட்டத்தின் கீழ்நுனிகளைக் காற்சட்டையின் பின்பைகளில் செருகி நடந்தபோது தோளில் பாரம் குறைந்ததை அவர் கவனித்தார் என்று சொல்லப்படுகிறது. இடுப்பு வார் வைத்த பைகளை அவர் பரவலாக்கினார். 1963-இல் எவரெஸ்ட் ஏறிய அமெரிக்கக் குழு அவருடைய பைகளைக் கொண்டு போயிற்று. வெளிச்சட்டப் பை நல்ல பாதையில் நடக்க உதவும். பாறையில் தொற்றி ஏறும்போதோ அது உடம்பை விட்டுத் தள்ளி நின்று ஆட்டும். அதனால் 1967-இல் கிரெக் லோ என்ற அமெரிக்க மலையேறி, சட்டத்தைப் பையின் உள்ளேயே வைத்துத் தைத்தார். இன்று கடைகளில் நாம் காணும் பெரிய பைகளில் பெரும்பாலானவை அந்த வழியில் வந்தவை.

நம்மவர்களும் இதில் பின்தங்கவில்லை. 1997 மே 23-ஆம் நாள் எவரெஸ்ட் உச்சியில் முதன்முதலாக நின்ற மலேசியர்கள் எம். மகேந்திரனும் என். மோகன்தாசும். இருவரும் தமிழர்கள்.

சரி, பையின் உள்ளே என்ன இருக்கிறது? முதுகை ஒட்டிய பக்கத்தில் ஒன்றோ இரண்டோ அலுமினியத் தகடுகள் மேலிருந்து கீழாக இருக்கும். சில பைகளில் கெட்டியான பிளாஸ்டிக் பலகையும் இருக்கும். இவற்றின் கீழ்முனை இடுப்பு வாரில் வந்து முடியும். பையில் வைக்கும் பாரம் தகடுகளின் வழியே இறங்கி இடுப்பு வாருக்கு வரும். இடுப்பு வார் அதை இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் உட்கார வைக்கும். இடுப்பெலும்பிலிருந்து தொடை எலும்பு, அங்கிருந்து பாதம், பிறகு தரை. தோள் வாரின் வேலை பையைச் சாயாமல் பிடித்துக்கொள்வதுதான். பாரத்தின் பெரும்பகுதியைச் சுமப்பது இடுப்பு. தகப்பனார் கேட்ட மாற்று இடம் அதுதான்.

ஆகவே, பை வாங்கும்போது பலரும் செய்யும் தவறு, எத்தனை லிட்டர் கொள்ளும் என்று மட்டும் பார்ப்பது. முதலில் பார்க்க வேண்டியது முதுகின் நீளம். அளப்பது சுலபம். தலையைக் குனிந்தால் பிடரியில் ஓர் எலும்பு முட்டிக்கொண்டு நிற்கும். அது ஒரு புள்ளி. பிறகு இரு கைகளையும் இடுப்பெலும்பின் மேல் வைத்துக் கட்டைவிரல்களைப் பின்னால் நீட்டினால், அவை சந்திக்கும் இடம் மற்றொரு புள்ளி. தையல் நாடாவால் இரண்டுக்கும் இடையே அளந்து பாருங்கள். ஆறடி ஆளும் குட்டை முதுகுக்காரராக இருக்கலாம். உயரத்தைக் கொண்டு முடிவு செய்யக் கூடாது. சில பைகளில் தோள் வாரை ஏற்றி இறக்கி இந்த அளவை மாற்றிக்கொள்ளலாம். பலர் மாறி மாறித் தூக்கும் வீட்டுக்கும் பள்ளிக்கும் அத்தகைய பைதான் ஏற்றது.

கடையில் வெறும் பையை மாட்டிப் பார்த்து வாங்காதீர்கள். பத்துக் கிலோ அரிசி மூட்டையை உள்ளே வைத்துக் கேளுங்கள். எல்லா வார்களையும் தளர்த்தி மாட்டுங்கள். முதலில் இடுப்பு வார்: அதன் நடுப்பகுதி இடுப்பெலும்பின் விளிம்பில் உட்கார வேண்டும். வயிற்றின் மேல் ஏறினாலும் தொடைப்பக்கம் சரிந்தாலும் பயனில்லை. அதை இறுக்கிய பின்பே தோள் வார்களை இழுங்கள். பிறகு தோள் வாரின் மேலிருந்து பையின் தலைப்பக்கம் போகும் சிறு வார்களை இழுத்தால், பை பின்னால் சாயாமல் முதுகோடு ஒட்டும். கடைசியாக மார்பு வார். அது மூச்சை இறுக்கக் கூடாது. இப்போது தோள் வாருக்கு அடியில் விரலை நுழையுங்கள். தாராளமாக நுழைந்தால் பாரம் இடுப்பில் இறங்கிவிட்டது என்று பொருள்.

அடுக்குவதிலும் முறை இருக்கிறது. அடியில் போர்வை, மாற்றுத் துணி போன்ற இலேசானவை. நடுவில் முதுகை ஒட்டி அரிசி, தண்ணீர், டின்கள். வெளிப்பக்கம் துணிமணி. மேலே மழைச்சட்டை. பாரமானவை முதுகை விட்டுத் தள்ளியிருந்தால், பை நம்மைப் பின்னுக்கு இழுக்கும். தூக்கும்போதும் தரையிலிருந்து ஒரே வீச்சில் தோளுக்கு ஏற்றக் கூடாது. முதலில் தொடையில் ஏற்றி, பிறகு ஒரு கையை நுழைத்து முதுகுக்குத் திருப்ப வேண்டும். எடையின் எல்லை? நல்ல பையானாலும் ஆளின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாதிருப்பது நலம். அந்தத் தம்பிக்குப் பத்துக் கிலோவே போதும். மிச்சத்தை மற்ற பத்துப் பேர் பங்கிட்டிருக்க வேண்டும். தவறு பையினுடையது மட்டும் அன்று, எங்களுடையதும்தான்.

இனி, எங்கள் பையின் கதை. 2006-இல் ஆசிரியர்களும் இளைஞர்களும் காசு சேர்த்து, கோலாலம்பூரில் ஒருவர் பயன்படுத்திய 65 லிட்டர் பையை 220 வெள்ளிக்கு வாங்கினோம். நுவாங் மலைக்குப் பல முறை, செமினியிலிருக்கும் புரோகா மலைக்கு எண்ணற்ற முறை அது போய் வந்திருக்கிறது. கல்லூரிக்குப் புறப்பட்ட பிள்ளைகளும் இரவல் வாங்கிப் போயிருக்கிறார்கள்.

நல்லது கெட்டது இரண்டையும் சொல்கிறோம். வெறும் பையே இரண்டு கிலோவுக்கு மேல். முதுகோடு ஒட்டியிருப்பதால் நம் ஊர் வெயிலில் சட்டை நனைந்துவிடும். சிலருக்கு வேர்க்குரு வரும். பெட்டி, எண்ணெய் டின் போன்ற சாமானுக்கு வெளிச்சட்டப் பையே மேல். ஆனால் இத்தனை ஆண்டில் ஒருவருக்கும் கை மரத்துப் போகவில்லை.

2009-இல் இடுப்பு வாரின் கொக்கி கார்க் கதவில் நசுங்கி உடைந்தது. சில வெள்ளிக்குப் புதுக் கொக்கி வாங்கி மாட்டினோம். தையலைப் பிரிக்காமல் மாற்றக்கூடிய கொக்கியாக அது அமைந்தது எங்கள் நல்ல காலம். அன்றிலிருந்து ஒரு கொக்கியைக் கூடுதலாக வாங்கி வைத்திருக்கிறோம்.

2012-இல் பையின் உட்புறம் பிசுபிசுத்தது. புளித்த வாடை அடித்தது. செதில் செதிலாக உரிந்தது. மழைநீர் புகாதிருக்கத் துணியின் உட்புறம் பூசியிருந்த பூச்சு அது. பாலியூரித்தேன் என்று பெயர். ஈரமும் சூடும் சேர்ந்தால் அது நாளடைவில் சிதைந்துவிடும். நம் நாட்டில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. பலர் இந்த நிலையில் பையை எறிந்துவிடுகிறார்கள். நாங்கள் உரிந்ததைத் தேய்த்துக் கழுவிவிட்டோம். துணி கெட்டியாகவே இருந்தது. இப்போது பெரிய பிளாஸ்டிக் பை ஒன்றை உள்ளே விரித்து, சாமானை அதற்குள் வைத்து வாயைச் சுருட்டிவிடுகிறோம். புதுப் பையென்றாலும் இதைச் செய்யுங்கள். தையல் வழியாகவும் ஜிப் வழியாகவும் தண்ணீர் எப்படியும் வரும்.

2016-இல் ஜிப் பிடிக்கவில்லை. தோட்டத்துத் தையற்காரர் அதன் ஓடியை மட்டும் மாற்றிக் கொடுத்தார். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பை ஓராண்டுக்கு மேல் பூட்டிய அறையில் கிடந்தது. திறந்தபோது பச்சையும் வெள்ளையுமாகப் பூஞ்சணம். காடியைத் தண்ணீரில் கலந்து துடைத்து, கழுவி, காற்றில் உலர்த்தினோம். கறை போகவில்லை; பை போகவில்லை. இடுப்பு வாரின் ஸ்பஞ்சு இப்போது பாதி தடிமனாகிவிட்டது. அலுமினியத் தகடுகள் மட்டும் வாங்கிய நாள்போல் இருக்கின்றன.

இவற்றிலிருந்து நாங்கள் கற்றவை சில. பயணம் முடிந்த அன்றே பையைக் கவிழ்த்து உதறுங்கள். மண் துகள் ஜிப்பையும் தையலையும் அரிக்கும், அட்டையும் ஒளிந்திருக்கும். சலவை இயந்திரத்தில் போடாதீர்கள். இளஞ்சூட்டு நீரும் மென்மையான சோப்பும் போதும். சுடு வெயிலில் நாள்கணக்கில் காயப் போடாமல் நிழலில் தலைகீழாகத் தொங்க விடுங்கள். பிளாஸ்டிக் உறையில் கட்டி அலமாரியின் மேல் வைக்காதீர்கள். காற்றுப் படும்படி, வார்களைத் தளர்த்தி வையுங்கள். பழைய பை வாங்குவதானால் மூன்று இடம் பாருங்கள்: தோள் வார் பையோடு சேரும் தையல், உட்புறப் பூச்சின் வாடை, தகடுகளின் முனை. முனை துணியைத் துளைத்துக்கொண்டு வந்திருந்தால் வேண்டாம்.

தாய்மார்களுக்கு ஒரு சொல். மலையேறாத சிறு பிள்ளையும் தினமும் ஒரு முதுகுப்பை தூக்குகிறது. பள்ளிப்பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவில் இருந்தால் நல்லது. 25 கிலோ பிள்ளைக்கு இரண்டரைக் கிலோ. வீட்டில் தராசு இருந்தால் இன்றிரவே நிறுத்துப் பாருங்கள். கால அட்டவணையைப் பார்த்து, நாளைக்கு வேண்டிய புத்தகங்களை மட்டும் வையுங்கள். இரண்டு வாரையும் மாட்டச் சொல்லுங்கள். கை மரக்கிறது, விரல் கூசுகிறது என்று பிள்ளை சொன்னால், சோம்பல் என்று தள்ளிவிடாதீர்கள்.

2006-இல் அந்தப் பையை வாங்கி வந்த மாலை, தம்பியின் தகப்பனாரை அழைத்துக் காட்டினோம். பதினைந்து கிலோ வைத்து அவர் முதுகில் மாட்டி, இடுப்பு வாரை இறுக்கிவிட்டோம். பள்ளித் திடலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். வழக்கம்போல் வலது தோளிலிருந்து இடது தோளுக்கு மாற்றக் கையைக் கொண்டு போனார், பிறகு இறக்கிவிட்டார்.

"மாத்த வேண்டியதே இல்லையே, சார்," என்றார். சற்று நேரம் பையைக் கழற்றாமலே நின்றுகொண்டிருந்தார்.

அவர் தோளின் காய்ப்பு இனி மறையாது. நம் பிள்ளைகளின் தோளில் அது வராமல் பார்த்துக்கொள்ள நம்மால் முடியும். பை வாங்க இயலாத வீட்டிலும் பாரத்தைப் பங்கிடலாம், நிறுத்துப் பார்க்கலாம், வலிக்கிறது என்று சொல்லும் பிள்ளையின் சொல்லுக்குக் காது கொடுக்கலாம். இவற்றுக்குக் காசு தேவையில்லை.